பாறையேற்றம்

செங்குத்தான பாறையிலோ வழுக்குச் சரிவிலோ கைகால் பிடியை நம்பி ஏறும் விளையாட்டு பாறையேற்றம். மலையேற்றம் இதிலிருந்து வேறுபட்டது. அரூரிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே இடத்தில் புரிந்துகொள்ளலாம். படியேறிப் போவது நடை. இராமர் தீர்த்தம் விழும் பாறைமுகத்தை அண்ணாந்து பார்க்கும்போது, இதில் எங்கே கால் வைப்பது என்று மனம் தேடுகிறதே, பாறையேற்றம் அங்கே தொடங்குகிறது. தீர்த்தமலை வழிபாட்டிடம், பார்த்து அறிய மட்டுமே அதைச் சொல்கிறேன்.

விழுந்தால் எது தாங்கும் என்பதைக் கொண்டே வகைகள் பிரிகின்றன. போல்டரிங்கில் கயிறு கிடையாது. சில மீட்டர் உயரக் குண்டுப்பாறையில் ஏறுவார்கள். விழுந்தால் கீழே விரித்த தடித்த மெத்தை தாங்கும். ஹம்பியின் பாறைகளை இதற்காக உலகறியச் செய்ததில் அமெரிக்க வீரர் கிறிஸ் ஷார்மா இடம்பெற்ற 'பில்கிரிமேஜ்' ஆவணப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. புதிதாகக் கற்பவருக்கு ஏற்றது டாப் ரோப்: கயிறு மேலே கட்டப்பட்டிருக்கும், வழுக்கினால் அந்தரத்தில் தொங்குவதோடு சரி.

லீட் முறையில் ஏறுபவரே கயிற்றை இழுத்துக்கொண்டு போய் வழியில் மாட்டுகிறார். கடைசியாக மாட்டிய இடத்துக்கு 2 மீட்டர் மேலே கை நழுவினால், விழுவது 2 மீட்டர் அல்ல, 4 மீட்டருக்கும் அதிகம். அதனால்தான் இழுபட்டு நீளும் நைலான் கயிறு வேண்டும். நீளாத கயிறு இடுப்பெலும்பை உலுக்கிவிடும். பாறையில் ஏற்கெனவே அடித்த போல்ட்டில் மாட்டினால் ஸ்போர்ட். வெடிப்புக்குள் தாமே உலோக ஆப்பைச் செருகி, ஏறி முடித்தபின் எடுத்துக்கொண்டால் டிராட்.

ஃப்ரீ கிளைம்பிங் என்றால் கயிறின்றி ஏறுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதில் கயிறு உண்டு, ஆனால் உடலை மேலே தூக்க அதைப் பிடிக்கக் கூடாது. கயிறே இல்லாதது ஃப்ரீ சோலோ. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் சுமார் 900 மீட்டர் உயர எல் கேப்பிட்டன் பாறையில் அப்படி ஏறினார். சித்ரதுர்காக் கோட்டைச் சுவர்களில் ஏறும் ஜோதி ராஜும் இந்த வகையினரே. வியக்கலாம், பின்பற்றக் கூடாது.

தருமபுரிப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் இனம். காற்றும் மழையும் தேய்த்து உருட்டியவற்றில் விரல் நுழையும் பிடி குறைவு. இத்தகைய சரிவில் குதிகாலைத் தாழ்த்தி, ரப்பர் அடிப்பாகம் முழுவதும் பாறையில் படும்படி மிதிக்க வேண்டும். பயந்து உடலைப் பாறையோடு ஒட்டினால் கால் நழுவும். நீர்த்தாரை ஓடிக் கறுத்த தடத்தில் மழைக்குப் பின் மிதிக்கவே கூடாது. மாகடி அருகேயுள்ள சாவனதுர்கா இந்த உராய்வு ஏற்றத்துக்குப் பேர்பெற்றது. பாதாமியின் மணற்பாறை நேர்மாறு: விளிம்புகள் கூர்மை, பிடி தாராளம்.

கோடையில் பாறை கொதிக்கும், உள்ளங்கை வியர்க்கும், பனிக்காலமே நல்லது. மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் அந்த வழியையே விட்டுவிட வேண்டும். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021இல் நடந்தது) இந்த ஏற்ற விளையாட்டு முதன்முறை இடம்பெற்றது. வேகப் போட்டிக்கான செயற்கைச் சுவர் 15 மீட்டர்.

கயிற்றில் இறங்கும் ராப்பெல்லிங், காட்டு நடை ஆகியவை பாறையேற்றத்தின் உறவு விளையாட்டுகள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களின் உயிரைப் பறித்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. அரூரை ஒட்டிய சித்தேரி மலைக் காடுகளுக்குள் போகவும் முதலில் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.