கழுத்து தரும் முன்னெச்சரிக்கை

பக்கவாதம் என்றதும் முதுமை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரைநோய், புகைப்பழக்கம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை எதுவும் இல்லாத நாற்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென வாய் குழறி, ஒரு பக்கம் கைகால் விழுந்து சாயும்போது குடும்பம் திகைத்துப்போகிறது. ஊரார் காற்று, கருப்பு என்கிறார்கள். இளவயதுப் பக்கவாதத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று, பலரும் கேள்விப்படாத ஒன்று. கழுத்தில் ஓடும் தமனியின் உட்சுவர் கிழிவதே அது.

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனிகள் நான்கு. கழுத்தின் முன்புறம் இரு பக்கமும், விரல் வைத்தால் துடிப்பு தெரியும் இடத்தில் செல்பவை கேரோட்டிட் தமனிகள். பின்புறம், கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியே மேலேறுபவை வெர்ட்டிப்ரல் தமனிகள். இவ்விரண்டும் மண்டையோட்டுக்குள் நுழையுமுன் முதல் கழுத்தெலும்பைச் சுற்றி வளைந்து செல்கின்றன. தலையை வேகமாகத் திருப்பும்போது அதிகம் இழுபடுவது அந்த வளைவுதான்.

தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கில் சிறு கிழிசல் ஏற்பட்டால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து அடுக்குகளைப் பிரிக்கிறது. சுவர் உள்நோக்கிப் புடைத்து, ரத்தம் செல்லும் வழியைக் குறுக்குகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டியிலிருந்து பிரியும் ஒரு துணுக்கு மேலே சென்று மூளையின் சிறு தமனியை அடைத்தால், அதுவே பக்கவாதம்.

நெடுங்காலம் இது பிரேதப் பரிசோதனையில் மட்டுமே தெரியவரும் அபூர்வமாகக் கருதப்பட்டது. உயிரோடிருக்கும் நோயாளிகளிடம் இதன் அடையாளங்களை விரிவாக எடுத்துரைத்து மருத்துவ உலகின் கவனத்தைத் திருப்பியவர்களுள் ஒருவர், நரம்பியல் மேதை மில்லர் ஃபிஷர்; ஆண்டு 1978. அமெரிக்காவின் ரோசெஸ்டரிலும் பிரான்ஸின் தீஜோனிலும் எடுக்கப்பட்ட கணக்குகள், ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு இது நேர்வதாகக் காட்டின. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் இதன் பங்கு சுமார் 2% மட்டுமே. இளவயதினரையும் நடுவயதினரையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அது 10 முதல் 25% வரை உயர்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடி மக்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு அந்த மேலைநாட்டு விகிதத்தைப் பொருத்தினால், ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் என்றாகிறது. அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைச் சுமக்கும் வயதில் இருப்பவர்கள்.

பெரும் விபத்து நேர்ந்தால்தான் தமனி கிழியும் என்பதில்லை. இருசக்கர வாகனத்திலிருந்து விழுதல், சக்கரத்தில் சிக்கிய துப்பட்டா கழுத்தை இறுக்குதல், குரல்வளை நெரிக்கப்படுதல் போன்ற வன்மையான காரணங்கள் உண்டு. கடும் இருமல், தும்மல், நெடுநேரம் அண்ணாந்தபடி வெள்ளையடித்தல் போன்ற அற்பக் காரணங்களும் உண்டு. பிறவியிலேயே தமனிச் சுவர் நலிந்தவர்களுக்கு எந்தக் காரணமும் இன்றியே கிழிவதுண்டு. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இது சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

மற்றப் பக்கவாதங்களைப் போலன்றி, இது பெரும்பாலும் சொல்லிவிட்டு வருகிறது. கழுத்தின் ஒரு பக்கத்திலோ பிடரியிலோ முன் எப்போதும் அறிந்திராத வலி. அதே பக்கத்தில் தலைவலி. சிலருக்குக் காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்த இரைச்சல். ஒரு கண்ணின் இமை லேசாகச் சரிந்து, அந்தக் கண்ணின் பாவை மட்டும் சிறுத்திருத்தல். தமனி கிழிந்ததற்கும் மூளை பாதிக்கப்படுவதற்கும் இடையே சில மணி நேரமோ சில நாட்களோ, சிலரிடம் ஓரிரு வாரங்களோ கூட இருக்கலாம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதை நாம் பெரும்பாலும் எப்படிக் கழிக்கிறோம் என்பதே என் கவலை.

பொன்னேரி வட்டாரத்தில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவன் நான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து கழுத்துவலியோடு வருபவர்களிடம் என் முதல் கேள்வி, 'இதற்கு முன் யாரிடம் காட்டினீர்கள்?' என்பதாகவே இருக்கும். வலை வீசி, படகு தள்ளி, இயந்திரத்தைத் தோளில் சுமந்து, மீன்கூடையைத் தலையில் ஏற்றி வாழும் மக்களுக்குக் கழுத்துவலி புதிதல்ல. அதில் மிகப் பெரும்பாலானது வெறும் தசைப்பிடிப்பு. ஓய்விலும் ஒத்தடத்திலும் போய்விடும். ஆகவே உழைப்பின்மீது பழி போடுவதற்கில்லை. ஆனால், வலி வந்ததும் சுளுக்கு எடுப்பவரிடமோ முடிதிருத்தும் கடையிலோ தலையைக் கொடுத்து, 'ஒரு சொடக்கு எடுத்துவிடுங்கள்' என்று கேட்கும் வழக்கம் குப்பங்களிலும் உண்டு, சென்னை மாநகரிலும் உண்டு.

கர்நாடகத்தின் பெல்லாரியில் முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு நேர்ந்தது 2024 செப்டம்பரில் நாளிதழ்களில் வெளியானது. முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துவிட்டபின் அவருடைய கழுத்து வேகமாகத் திருப்பப்பட்டது. வீடு திரும்பிய சில மணி நேரத்தில் பேச்சு தடைபட்டது, இடப்பக்கம் வலுவிழந்தது. கேரோட்டிட் தமனி கிழிந்திருப்பது பரிசோதனையில் தெரிந்தது. உயிர் தப்பிய அவர் தேறுவதற்குச் சுமார் இரண்டு மாதங்கள் ஆயின. இதற்கு நெருங்கிய இன்னொரு நிகழ்வு 2022-ல் ஹைதராபாதில் பதிவானது. அழகு நிலையத்தில் தலைமுடி அலசுவதற்காகக் கழுத்தைப் பின்னால் சாய்த்திருந்த ஐம்பது வயதுப் பெண்ணுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. முதலில் வயிற்றுக்கோளாறு என்றே கருதப்பட்டது. மறுநாள் நடை தள்ளாடியபிறகே சிறுமூளைப் பக்கவாதம் என்று தெரிந்தது. இத்தகைய ஐந்து பெண்களைப் பற்றி மைக்கேல் வெய்ன்ட்ராப் என்ற அமெரிக்க மருத்துவர் 1993-லேயே எழுதியிருந்தார்.

கழுத்தைத் திருப்பியதால் தமனி கிழிந்ததா, ஏற்கெனவே கிழிந்து அதன் வலிக்காகத்தான் அவர் கழுத்தைத் திருப்பிக்கொள்ளச் சென்றாரா என்பது மருத்துவர்களிடையே நீண்டகால விவாதம். அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையும், இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது என்றதே தவிர, அதுவே காரணம் என்று அறுதியிடவில்லை. நோயாளிக்கு இந்த விவாதத்தால் வேறுபாடு ஏதுமில்லை. கிழியாத தமனியைக் கிழிக்கும் அபாயமும், கிழிந்த தமனியிலிருந்து உறைகட்டியைப் பெயர்த்து அனுப்பும் அபாயமும் ஒரே செயலில் அடங்கியிருக்கின்றன. காரணம் தெரியாத புதிய கழுத்துவலிக்குக் கழுத்தைச் சொடுக்கக் கூடாது என்ற ஒரே விதி இரண்டையும் தடுக்கிறது.

இனி, பக்கவாதம் வந்தபின் செய்ய வேண்டியவை. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றை இப்போது பலரும் அறிவார்கள். பின்புறத் தமனி கிழிந்தால் இவை இல்லாமலே போகலாம். கடும் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நேராக நடக்க முடியாமை, விழுங்கும்போது புரையேறுதல், முகத்தின் ஒரு பக்கம் மரத்தல், நிற்காத விக்கல் என்றே அது தலைகாட்டும். கரையில் இருப்பவர்கள் வெயில் என்றும், பித்தம் என்றும், குடி என்றும் நினைத்து அவரைப் படகின் நிழலில் படுக்கவைத்துவிடுவார்கள். பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவக் கணக்கு. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கழுத்துத் தமனி கிழிந்தவர்களுக்கும் இந்த ஊசி பொதுவாகப் பாதுகாப்பானதே.

ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இருக்கும் கோரைக்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து பழவேற்காடு வந்து, பொன்னேரிக்குச் சுமார் 20 கி.மீ. கடந்து, அங்கிருந்து சென்னை ஸ்டான்லி மருத்துவமனையை அடைவதற்குள் அந்த நான்கரை மணி நேரத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். நடுவில் ஒரு மருந்துக்கடையிலும் ஒரு சிறு மருத்துவமனையிலும் நின்றால் மிச்சமும் போய்விடும். 108-ஐ அழைக்கும்போதே 'பக்கவாதம்' என்ற சொல்லைச் சொல்லி, ஊசி போடும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாகக் கொடுத்துவிடக் கூடாது. மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் அதுவே ஆபத்தாகும்.

சிகிச்சை எளியோருக்கு எட்டாதது அன்று. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வில், ரத்தத் தட்டணுக்களைத் தடுக்கும் மலிவான மாத்திரைகளைப் பெற்றவர்களில் 3 பேருக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வலுவான மருந்துகளைப் பெற்றவர்களில் ஒருவருக்கும் மட்டுமே மூன்று மாதங்களில் மீண்டும் பக்கவாதம் வந்தது. யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலோரின் தமனி சில மாதங்களில் தானாகவே ஆறிவிடுகிறது. தேவைப்படுவதெல்லாம் உரிய நேரத்தில் கண்டுபிடிப்பதே. சாதாரண சி.டி. ஸ்கேன் தொடக்கத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். சாயம் செலுத்தித் தமனிகளைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர்.ஐ. தேவை.

அரசு செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, தொலைமருத்துவம். 2014-ல் இமாசலப் பிரதேசத்தில் சிம்லா, டாண்டா மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் மருத்துவர்கள் கைப்பேசியில் ஸ்கேன் படங்களைப் பார்த்து வழிகாட்ட, மாவட்ட மருத்துவமனைகளில் இருந்த பொது மருத்துவர்களே பக்கவாத ஊசியைப் போடத் தொடங்கினார்கள். மலைக்குச் சாத்தியமானது கடற்கரைக்கும் சாத்தியமே. இரண்டாவது, விபத்து சிகிச்சை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரத்தைக் காக்கிறது. தமனிக் கிழிசலின் விளைவோ அதன்பிறகும் வரலாம். கழுத்தில் அடிபட்டவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது, என்னென்ன அறிகுறிகள் தோன்றினால் உடனே திரும்ப வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாள் கொடுத்தனுப்பினால் போதும். மூன்றாவது, 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடுவீடாகச் செல்லும்போது கழுத்துச் சொடுக்கின் ஆபத்தையும் எடுத்துச் சொல்லலாம். முடிதிருத்தும் தொழிலாளர்களையும் சுளுக்கு எடுப்பவர்களையும் குற்றவாளிகளாக்காமல், அவர்களுடைய சங்கங்கள் வழியே அவர்களையே இந்தச் செய்தியின் தூதர்களாக்க முடியும்.

கடலில் மேகம் கறுப்பதைப் பார்த்துப் படகைத் திருப்பத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள். புதிதாய் ஒரு பக்கம் வந்த கழுத்துவலியும், அதைத் தொடர்ந்த தலைசுற்றலும் அத்தகைய கறுப்புதான் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.