மாதிரி ரயில்தளம்: தொழில் நகர அமைப்பு

ஓர் ஆலைச் சுவர், ஒரு சரக்குக் கொட்டகை, மூன்று தண்டவாளங்கள். தொழில் நகர மாதிரி ரயில்தளத்துக்கு இவ்வளவு போதும். வட்டமாகச் சுற்றும் ரயில் சீக்கிரம் அலுத்துவிடும். பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் அலுக்காது.

இதில் பேர்போனது, ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக்’ என்ற பிரிட்டிஷ் அமைப்பு. ஒரு தடத்தில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எட்டு வேகன்களுக்குச் சீட்டெடுத்து, வந்த வரிசையிலேயே ஐந்தைக் கோக்க வேண்டும். அப்படி 6,720 வரிசைகள் உண்டு! 1:87 அளவில் சுமார் ஆறடிப் பலகைக்குள் இதை அடக்கலாம்.

நூற்பாலை நகரமான அருப்புக்கோட்டை இதற்கு அருமையான களம். விருதுநகரிலிருந்து 1963இல் இங்கு வந்த மீட்டர் கேஜ் பாதை, 1964இல் மானாமதுரையை எட்டியது, 2013இல் அகலப்பாதையானது. பழைய காலத்தைக் காட்ட விரும்புவோர் 1:87 அளவில் 12 மி.மீ. தண்டவாளம் போட வேண்டும்.

தரைக்குப் பச்சைப் புல்தூள் வேண்டாம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலைத் துணியில் சலித்து, நீரில் குழைத்து மெல்லப் பூசினால், காயும்போது தானாகவே வெடிப்பு விடும். ஓரத்தில் நாலு சீமைக்கருவேலம், கொட்டகை வாசலில் பஞ்சுப் பொதி. தண்டவாளத்தின் மேல்முகத்தில் மட்டும் மண் ஒட்டக் கூடாது; ஒட்டினால் மின்சாரம் பாயாமல் எஞ்சின் நின்றுவிடும்.