பேயார்ட் ரஸ்டினை மறந்த நவம்பர்

2008 நவம்பர் 5, புதன்கிழமை காலை. ஒபாமா வென்றுவிட்டார், கலிஃபோர்னியாவில் அவருக்கு 61 சதவிகித வாக்கு. அதே தேர்தலில், அதே வாக்காளர்கள் முன்மொழிவு 8-ஐயும் நிறைவேற்றியிருந்தார்கள். மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று திறந்துவிட்ட ஒருபால் திருமணத்தின் கதவு, 52-க்கு 48 என்று அடைபட்டது. இடைப்பட்ட மாதங்களில் மணம் முடித்த சுமார் 18,000 ஜோடிகளின் திருமணம் இனிச் செல்லுமா என்பதுகூட அன்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தத் துக்கத்தில் நியாயம் இருந்தது. அது போய் மோதிய இடத்தில்தான் நியாயம் இல்லை.

வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டு எடுத்த எக்ஸிட் போல் ஒன்று, கறுப்பின வாக்காளர்களில் 70 சதவிகிதம் பேர் தடையை ஆதரித்ததாகச் சொன்னது. பொழுது விடிவதற்குள் பழிக்கு ஆள் கிடைத்துவிட்டது. ‘ஒபாமாவுக்காகத் திரண்டு வந்தவர்கள் நம் திருமணத்தைப் பறித்துவிட்டுப் போனார்கள்’ என்ற பேச்சு பரவியது. லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட்வுட் பகுதியில் மார்மன் கோவில் முன் மறுநாள் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு வந்த கறுப்பினத்தவர்கள், இனவசை கேட்டுத் திரும்பியதாகச் சொன்னார்கள். அவர்களில் தன்பாலீர்ப்பாளர்களும் இருந்தார்கள். தடைக்கு எதிரான அட்டையைக் கையில் பிடித்து நின்றவர்களுக்கே அந்த வசை விழுந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதிவான வாக்குகள் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம். வெற்றி வித்தியாசம் சுமார் 6 லட்சம். எக்ஸிட் போல் சொன்னபடி பத்தில் ஒருவர் கறுப்பினத்தவர் என்றே வைத்துக்கொள்வோம். 70 சதவிகிதத்தையும் ஒப்புக்கொள்வோம். அவர்களிடமிருந்து தடைக்குக் கிடைத்த கூடுதல் வாக்கு 5 லட்சத்து 36 ஆயிரம். அன்று கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட வீட்டைவிட்டுக் கிளம்பாமல் இருந்திருந்தாலும் முன்மொழிவு 8 ஜெயித்திருக்கும். 2009 ஜனவரியில் பேட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு அந்த 70-ஐயே 58-க்குப் பக்கத்தில் இறக்கியது. வாக்கைத் தீர்மானித்தவை கட்சி, வயது, மதப்பற்று ஆகியவைதான் என்றும் காட்டியது. வாரம் தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் எந்த இனத்தவராக இருந்தாலும் பெருவாரியாகத் தடையின் பக்கமே நின்றிருந்தார்கள். ஆனால் ஆய்வு வருவதற்குள் வசை ஊரைச் சுற்றி முடித்திருந்தது.

மார்மன் திருச்சபை மீது எழுந்த கோபத்தை நான் இதே தட்டில் வைக்கமாட்டேன். தடைக்காகப் பணமும் நேரமும் கொடுங்கள் என்று கேட்ட கடிதத்தை அந்தத் தலைமை ஜூன் மாதமே தன் சபைகளில் வாசிக்க வைத்தது. முடிவெடுத்த ஒரு தலைமையைத் தட்டிக் கேட்பது அரசியல். தெருவில் எதிர்ப்படுகிறவரின் தோலைப் பார்த்து அவர் எப்படி வாக்களித்திருப்பார் என்று தீர்ப்பெழுதுவது வேறு. அதை வெறுப்பு என்றே சொல்லவேண்டும்.

சென்ற வாரம் மேரிலாந்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். போவோம். அதற்கு முன் பேயார்ட் ரஸ்டினைப் பற்றிப் பேசாமல் என்னால் நகர முடியவில்லை. அந்த நவம்பரில் வசைபாடியவர்கள் மறந்துபோன பெயர் அது.

1912-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். குவேக்கர் பாட்டி வளர்த்த பிள்ளை. நல்ல குரல்வளம்; பால் ராப்சன் நடித்த நாடகத்தில் மேடையேறியவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்துச் சிறை சென்றார். பேருந்தில் இனப் பிரிவினையை மீறியதற்காக வட கரோலினாவில் சங்கிலிக் கைதியாக ரோடு வேலை பார்த்தார். 1948-இல் இந்தியா வந்தார். காந்தி கொல்லப்பட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவரோடு உழைத்தவர்களிடம் சத்தியாகிரகத்தின் நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1956-இல் மான்ட்கோமரி பேருந்துப் போராட்டத்தின்போது இளம் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. அவை வேண்டாம் என்று எடுத்துச் சொன்னவர்களில் ரஸ்டின் முக்கியமானவர்.

1953 ஜனவரியில் அவர் சொற்பொழிவாற்ற கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்குப் போனார். அன்றிரவு ஒரு காரில் இரண்டு ஆண்களோடு இருந்தபோது போலீஸ் பிடித்தது. 60 நாள் தண்டனை. பத்தாண்டுக்கும் மேலாக அவர் உழைத்த சமாதான அமைப்பு அவரை வெளியேற்றியது. அதன்பின் அவர் எங்கே போனாலும் பாசடீனா பின்னாலேயே வந்தது. 1960-இல் கறுப்பின காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல், கிங்கோடு ரஸ்டினுக்கு உறவு இருப்பதாகப் பொய் பரப்புவேன் என்று மிரட்ட, கிங் பக்கத்திலிருந்தே ரஸ்டின் விலகவேண்டி வந்தது. கிங் அன்று தடுத்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1963-இல் வாஷிங்டன் பேரணிக்கு அவரைத் தலைவராக்க, கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் ராய் வில்கின்ஸ் ஒப்பவில்லை. முதிய தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், தலைமையைத் தானே ஏற்று ரஸ்டினைத் துணையாக வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த மனிதர் இந்த ராண்டால்ஃப்தான். அந்தப் பேரணியை இரண்டே மாதத்தில் ரஸ்டின் கட்டி எழுப்பினார். பேருந்துகள், ஒலிபெருக்கி, குடிநீர், கழிப்பறை என்று ஒவ்வொன்றும் அவர் குறிப்பேட்டில் இருந்தது. பேரணிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட், பாசடீனா கைதை செனட் சபையில் எடுத்து வைத்தார். இனவெறியையே அரசியலாகக் கொண்டவருக்கு எந்த ஆயுதமும் விலக்கல்ல. இந்த முறை ராண்டால்ஃப் எழுந்து நின்று ரஸ்டினுக்காகப் பேசினார். மற்ற தலைவர்களும் அவரைக் கைவிடவில்லை. ஆகஸ்ட் 28 அன்று இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள்.

திருமணத்துக்கு வருகிறேன். 1977-இல் ரஸ்டின் வால்டர் நேகிள் என்ற வெள்ளை இளைஞரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். தனக்குப் பின் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று ரஸ்டின் விரும்பினார். மணம் முடிக்க வழியில்லை. அதனால் 1982-இல் வால்டரை மகனாகத் தத்தெடுத்தார். வால்டரைப் பெற்ற தாய், இவன் என் மகன் அல்ல என்று சட்டப்படி எழுதிக் கொடுத்தார். வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சமூகநலப் பணியாளர் வந்துபோனார். தத்தெடுத்தவருக்கு அப்போது 70 வயது. 1986-இல் நியூயார்க் நகரத்தின் தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சட்டத்துக்காகவும் ரஸ்டின் சாட்சி சொன்னார். மறு ஆண்டு மறைந்தார்.

வெஸ்ட்வுட்டில் வசைபாடியவர்கள் கறுப்பினத்தவர் வேறு, தன்பாலீர்ப்பாளர் வேறு என்று ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினையில் ரஸ்டின் நிற்பதற்கு இடமே இல்லை. தோல்விக்கு அவர்கள் கேள்வி கேட்டிருக்கவேண்டியது தங்கள் பிரச்சாரத் தலைமையைத்தான். என்ஏஏசிபி அமைப்பின் கலிஃபோர்னியா கிளை தடையை வெளிப்படையாக எதிர்த்தது. அப்படி ஒரு துணை கையில் இருந்தும் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களுக்கு அந்தத் தலைமை சரியாகப் போகவில்லை. போன கொஞ்சமும் காலம் கடந்தபின்.

பாசடீனா தண்டனைக்கு 2020-இல் மன்னிப்பு வழங்கிய ஆளுநர் கேவின் நியூசம். 2004-இல் சான் ஃபிரான்சிஸ்கோ மேயராக ஒருபால் ஜோடிகளுக்குத் திருமண உரிமம் கொடுத்து இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவரும் அவரேதான்.

மேரிலாந்து அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. அங்கே மக்கள்தொகையில் பத்தில் மூவர் கறுப்பினத்தவர். 2012 மே மாதம் என்ஏஏசிபியின் தேசிய நிர்வாகக் குழு திருமண உரிமையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. நவம்பரில் அதே கேள்வி மேரிலாந்து மக்கள் முன் வந்தபோது, இம்முறை 52 சதவிகிதம் உரிமையின் பக்கம் விழுந்தது. அந்தத் தீர்மானத்தின் பின்னால் நின்ற ஜூலியன் பாண்டிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)