யாருக்குப் பாதுகாப்பான ஊர்?

“பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?” சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்கும். பல நாடுகளில் நடக்கும் ஆய்வுகளில் கேட்பது. நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் பெரும்பாலானோர் “நம்பலாம்” என்கிறார்கள். நாம் கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: பதில் சொல்பவர் யார்?

அமெரிக்க வரலாற்றைப் பார்ப்போம். 1930களில் வெள்ளையர்கள் நிம்மதியாக வாழ்ந்த சிற்றூர்கள் பல, பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் இருக்கக்கூடாத ஊர்கள். சில ஊர்களின் எல்லையில் எச்சரிக்கைப் பலகையே இருந்தது. அங்கே ஒருவரின் பாதுகாப்பு, இன்னொருவரை விரட்டுவதில் இருந்தது.

1936இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் ஒரு பயணக் கையேடு வெளியிட்டார். அதன் பெயர் ‘கிரீன் புக்’. கறுப்பினத்தவர் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம் என்று ஊர்வாரியாக முகவரிகள். விடுதி இல்லாத ஊர்களில், அறை கொடுக்கும் வீடுகள். வாசகர்களும் முகவரிகள் அனுப்பினார்கள். நாடு தராத நம்பிக்கையை அவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்டார்கள்.

அந்த ஹார்லெமை ஒட்டித்தான் கொலம்பியா பல்கலைக்கழகம். 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் அங்கே படித்தார். வெளிநாட்டு வாழ்க்கை, தான் தீண்டப்படாதவர் என்ற நினைவையே துடைத்துவிட்டது என்று பின்னாளில் எழுதினார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். இந்து நண்பர், கிறித்தவ நண்பர் இருவருமே இடம் தரவில்லை. பூங்காவில் காத்திருந்து இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

அண்ணலுக்கு விடுதலை உணர்வு தந்த அதே நாடுதான் கறுப்பினத்தவரை விரட்டியது. அமெரிக்காவில் 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்து, விடுதிகளிலும் உணவகங்களிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. சில ஆண்டுகளில் கிரீன் புக் நின்றுபோனது. இப்படி ஒரு நாள் வரும் என்ற நம்பிக்கையைக் கிரீன் அதில் எழுதியிருந்தார். அதைப் பார்க்காமலே 1960இல் மறைந்தார்.

களப்பணிக்குப் போகும்போது “எங்க ஊர்ல பிரச்சினையே இல்லைங்க” என்பார்கள். அதைக் குறித்துக்கொள்வோம். பிறகு சேரிக்குப் போய்க் கேட்போம்: ராத்திரி வண்டி பழுதாகி நின்றால், ஊருக்குள் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?