வானை ஏலம் விட்ட வரலாறு

நிலத்துக்கு வரப்பு கட்டினான் மனிதன். நீருக்கு மதகு வைத்தான். வானுக்கு மட்டும் வேலியில்லை என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் பொய்த்து நூறாண்டுக்கு மேலாகிறது. செய்தி அனுப்பும் கருவிகளை நிறுவும் உரிமை ஆட்சிக்கு மட்டுமே உரியது என 1885ஆம் ஆண்டிலேயே வெள்ளையர் ஆட்சி இந்தியத் தந்திச் சட்டத்தில் எழுதி வைத்தது. வெள்ளையர் சென்றனர், சட்டம் செல்லவில்லை. 2023ஆம் ஆண்டில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்படும் வரையில், தந்திக்காக எழுதப்பட்ட அந்தப் பழைய ஏடுதான் கைபேசிக்கும் மூலப்பத்திரம்.

வான் அலை பொதுச் சொத்து, பொதுமக்கள் நலனுக்காகவே அது ஆளப்பட வேண்டும் என்று 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. தீர்ப்பு நன்று! ஆனால் பொதுச் சொத்தை ஆள வந்தவர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினர்? பள்ளத்தில் கிடப்போரை மேட்டுக்கு ஏற்றவா, கருவூலத்தின் ஓட்டையை அடைக்கவா? கடந்த முப்பதாண்டு வரலாறு இதற்கு விடை கூறும்.

1994ஆம் ஆண்டில் இந்தியாவில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசி கூட இல்லை, 0.8தான் கணக்கு. விண்ணப்பித்துவிட்டுக் காத்துக் கிடந்தோர் 25 இலட்சம் பேர். ஏறத்தாழ 5,76,000 சிற்றூர்களில் தொலைபேசி எட்டியவை 1,40,000தான். அவ்வாண்டு வெளியான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை இக்குறைகளை ஒப்புக்கொண்டது. இலக்கை எட்ட மேலும் 23,000 கோடி ரூபாய் வேண்டும், அவ்வளவு பணம் அரசிடம் இல்லை என்றும் கூறிற்று. ஆகவே தனியார் அழைக்கப்பட்டனர். 1995 சூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைபேசி உரையாடல் அதுவே. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் அளவில் கட்டணம். அழைத்தவர் மட்டுமன்று, அழைக்கப்பட்டவரும் பணம் கட்ட வேண்டும்! உழைப்பாளியின் கைக்கு எட்டும் பொருளாகவா அது பிறந்தது? இல்லை, மாளிகைவாசியின் மேசை அணியாகவே பிறந்தது.

பெருநகரங்களுக்கு அப்பால் உள்ள வட்டங்களுக்கு ஏலம் நடந்தது. யார் மிகுந்த தொகை தருகிறாரோ அவருக்கே உரிமம். வளமான வட்டங்களுக்குப் போட்டி. மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் ஒவ்வொரு நிறுவனமே முன்வந்தது. சம்மு காசுமீருக்கும் அந்தமானுக்கும் ஒருவரும் வரவில்லை. ஏலத்தின் கண் எதைப் பார்க்கும், எதைப் பாராது என்பதை முதல் ஏலமே காட்டிவிட்டது. கொழுத்த பையை அது பார்க்கும்; குன்றையும் தீவையும் பாராது.

ஏலம் கேட்டவர்கள் கூறிய தொகையை அவர்களால் கட்ட முடிந்ததா? அதுவும் இல்லை. வருமானம் வருமுன்னே ஆண்டுதோறும் நிலைக்கட்டணம் கட்ட வேண்டிய நிலை. கடன் பெருகிற்று, கோபுரம் பெருகவில்லை. எனவே 1999ஆம் ஆண்டின் புதிய கொள்கை நிலைக்கட்டணத்தைக் கைவிட்டு, ஈட்டும் வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்குத் தந்தால் போதும் என்றாக்கிற்று. 2002 அக்டோபரில் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். கைபேசித் துறையில் நுழைந்தது. 2003 மே முதல் அழைப்பவர் மட்டுமே பணம் கட்டும் முறை வந்தது. விளைவு? 2010ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்குப் பதினைந்து தொலைபேசி என்பதே 1999 கொள்கை வகுத்த இலக்கு. 2010 மார்ச்சில் அது நூற்றுக்கு ஐம்பதையும் தாண்டியது. நுழைவாயிலில் வாங்கும் சுங்கத்தைக் குறைத்தபோது மக்கள் உள்ளே வந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆயினும் அந்த ஐம்பதைப் பிரித்துப் பாருங்கள் தோழர்களே! நகரத்தில் நூறு பேருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகள். சிற்றூரில் இருபத்தைந்து கூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் போக்கவென்றே ஒரு நிதி உண்டு. நிறுவனங்களின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் திரட்டி ஊரகச் சேவைக்குச் செலவிடும் பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதி அது. 2002 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது கம்பிவழித் தொலைபேசிக்கே பயன்படும் என்று விதி! உலகம் கம்பியை விட்டுக் கைபேசிக்கு மாறிய பின்னும் 2006ஆம் ஆண்டின் இறுதியில்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பின் அந்த நிதியால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் எழுந்தன. இரண்டரை இலட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்க 2011இல் தீட்டிய திட்டம் ஈராண்டில் முடியும் என்றனர். 2017 முடிவில் ஓர் இலட்சம் ஊராட்சிகளைத்தான் எட்டிற்று.

இதற்கிடையே ஏலத்தின் சுவை ஆட்சியாளர் நாவில் ஏறிவிட்டது. 2010ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை 34 நாள் ஏலத்தில் 67,719 கோடிக்குப் போயிற்று. அரசு எதிர்பார்த்ததோ 35,000 கோடி. களிப்பு பொங்கிற்று! இத்தொகை வரியன்று, ஆகவே வரிப் பங்கீட்டில் இது சேராது, மாநிலங்களுக்கு இதில் பங்கில்லை. கோபுரத்துக்கும் ஒளியிழைக்கும் வழிவிடும் நிலமும் சாலையும் மாநிலத்தில். ஏலப்பணம் மட்டும் டில்லியில்.

அந்தக் களிப்பின் விலை 2016 அக்டோபரில் தெரிந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை அன்று ஏலத்துக்கு வந்தது. அலைவரிசை எண் குறையக் குறைய அலை நெடுந்தொலைவு செல்லும், சுவரையும் ஊடுருவும். குறைந்த கோபுரங்களைக் கொண்டு பரந்த பரப்பைத் தழுவலாம். சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு ஏற்ற அலை அதுவே. அதற்கு வைத்த அடிப்படை விலை என்ன? நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி! ஒருவரும் கேட்கவில்லை. 2021இலும் கேட்பாரில்லை. விலை மூன்றில் ஒரு பங்களவாகச் சுருங்கிய பின்பே, 2022இல் அது விற்றது. நிலம் தரிசாய்க் கிடந்தால் புல்லாவது முளைக்கும், ஆடாவது மேயும். அலை தரிசாய்க் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? அந்த ஆறாண்டுகளுக்கு நடுவேதான் பெருந்தொற்றுக் காலம் வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் கைபேசிக்குள் புகுந்தது. மலையூர் மாணவர்கள் பாறை மீதும் மரத்தின் மீதும் ஏறி அலை தேடினர். கற்க வந்த பிள்ளையை மரமேற்றிய குற்றம் யாருடையது?

ஊர் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டிய அரசு நிறுவனத்தின் கதையோ இன்னும் இரங்கத்தக்கது. 2016 செப்டம்பரில் ஒரு தனியார் நிறுவனம் நாடெங்கும் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்கிற்று. பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு அதற்குரிய அலைக்கற்றையை ஒதுக்க அமைச்சரவை இசைந்தது 2019 அக்டோபரில். அதன் நான்காம் தலைமுறை வலையமைப்பு நாடளாவிய அளவில் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பரில். காலைக் கட்டிப்போட்டுவிட்டு, ஓடத் தெரியாதவன் என்று ஏசுவது எந்த நியாயம்?

தனியாரும் தழைத்தாரில்லை. வருமானம் என்பதற்குப் பொருள் என்ன என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2019 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டணமும் வட்டியும் தண்டமும் சேர்ந்து ஏறத்தாழ 1.47 இலட்சம் கோடி நிலுவை. பத்துக்கு மேல் இருந்த நிறுவனங்கள் சுருங்கி, தனியார் மூவரே பெரிதாய் எஞ்சினர். அம்மூவருள் ஒருவர் கட்ட முடியாத நிலுவை பங்குகளாக மாற்றப்பட்டு, 2025இல் அந்நிறுவனத்தில் நூற்றுக்கு 49 பங்கு அரசின் கைக்கே வந்தது. ஏலத்தில் கண்ட இலாபக் கணக்கு எங்கே போயிற்று?

அப்படியானால் அலையை மலிவாய் வாரி வழங்கலாமா என்று கேட்பர். நாம் அதைக் கூறவில்லை. 2001ஆம் ஆண்டு விலைக்கு 2008இல் வழங்கிய 122 உரிமங்களை 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நீக்கியது. குற்ற வழக்கில் சாட்டப்பட்டோர் அனைவரையும் 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பெரும் அமளியில் நாடு ஒரே கேள்வியைக் கேட்டது: கருவூலத்துக்கு எவ்வளவு? கேட்க மறந்த கேள்வி: சிற்றூருக்கு எவ்வளவு?

அக்கேள்வியைக் கேட்ட நாடு உண்டு. செருமனி 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,000 கோடி யூரோவுக்கு அலைக்கற்றையை ஏலம் விட்டது. வென்ற ஆறு நிறுவனங்களில் இரண்டு, வலையமைப்பை நடத்த இயலாமல் விலகின. 2010ஆம் ஆண்டில் அதே நாடு வேறொரு விதி செய்தது: 800 மெகாஹெர்ட்ஸ் அலையை வாங்குவோர், சேவை எட்டாத பகுதிகளில் ஐயாயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு முதலில் சேவை தர வேண்டும், படிப்படியாகத்தான் பெருநகருக்கு வர வேண்டும். விலை மட்டும் பேசாமல், வரிசையையும் பேசிற்று செருமனி. கடைசியில் நின்றவனை முதலில் நிறுத்தும் வரிசை!

இந்தியாவில் 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை எட்டவில்லை என்று கணக்கிட்டு, 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2022 சூலையில். அடுத்த மாதமே ஐந்தாம் தலைமுறை ஏலம் முடிந்தது; தொகை 1,50,173 கோடி. இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பணம் இல்லை என்ற பழைய பல்லவி இனிச் செல்லாது.

பொதுச் சொத்தை விற்கும்போது விலைச்சீட்டோடு கடமைச்சீட்டும் எழுதப்பட வேண்டும். முதற்கோபுரம் கடைக்கோடி ஊரில் எழ வேண்டும். ஊரகத்துக்கென்று திரட்டிய நிதி ஊரகத்தையே சேர வேண்டும். வருமானத்தில் மாநிலத்துக்குப் பங்கு வேண்டும். அலை சாதி பார்ப்பதில்லை, செல்வம் பார்ப்பதில்லை. பார்ப்பது அதை ஆளும் கொள்கை. அந்தக் கொள்கையை மாற்றும் ஆற்றல் மக்களுக்கு உண்டு. அடுத்த ஏலம் வருமுன் இந்தக் கணக்கை மன்றந்தோறும் எடுத்துரைப்போம்; ஊர்தோறும் கேட்க வைப்போம்!