அயனிக் கால்வாய்த் தடுப்பு எதிர்ப்பொருள்கள்

செல் சவ்வில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் கடந்துசெல்லும் புரதத் துளைகளை அடைத்து நோய் தீர்க்க வடிவமைக்கப்படும் எதிர்ப்பொருள்கள். ஒத்த உருவுடைய கால்வாய்களைப் பிரித்தறியச் சிறுமூலக்கூறு மருந்துகள் தடுமாறும். எதிர்ப்பொருளோ குறித்த ஒன்றையே பற்றவல்லது, குருதியில் வாரக்கணக்கில் தங்கும். கால்வாயின் பெரும்பகுதி சவ்வுக்குள் புதைந்திருப்பதால் பற்றுமிடம் குறைவு என்பதே பெரிய இடர்.

முக்கிய இலக்குகளுள் ஒன்று கேவி1.3 பொட்டாசியம் கால்வாய். தன்னுடல் தாக்குநோய்களில் பங்கேற்கும் டி-செல்கள் இதைச் சார்ந்தவை. கரீபியக் கடற்சாமந்தியின் 35 அமினோ அமில நஞ்சான எஸ்எச்கே, தன் 22ஆம் லைசினைத் தக்கைபோல் துளைக்குள் செருகி இக்கால்வாயை அடைக்கிறது. பசுவின் சில எதிர்ப்பொருள்களில் காம்பும் குமிழுமாக நீண்டுநிற்கும் பகுதி உண்டு. குமிழின் இடத்தில் இத்தகைய நஞ்சுப் புரதத்தைப் பொருத்தி ஆய்வாளர்கள் தடுப்பான்களை உருவாக்கியுள்ளனர். லாமா, ஒட்டக இனங்களின் நுண் எதிர்ப்பொருள்களும் ஆராயப்படுகின்றன.