பூசாவும் பூசணமும்

தில்லியில் கரோல்பாக் பக்கம் குடியிருக்கும் நம்மவர் பலர் பூசா சாலையை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அப்பெயர் தில்லிக்கு உரியதன்று. பீகாரில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1905-ஆம் ஆண்டில் அவ்வூரில் நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1934 ஜனவரியில் நேர்ந்த பூகம்பத்தில் சிதைந்தது. 1936-இல் கழகம் தில்லிக்குப் பெயர்ந்தபோது ஊர்ப்பெயரும் உடன் வந்துவிட்டது. நம்மில் பலரும் ஊர்ப்பெயரைத் தலைப்பெழுத்தில் சுமந்துகொண்டுதானே வடக்கே வந்தோம்!

நம் சாம்பாருக்கு உயிரான துவரைக்கும் பூசாவுக்கும் பழந்தொடர்பு உண்டு. செழித்து வளர்ந்த துவரஞ்செடி பூக்கும் தறுவாயில் திடீரென வாடிச் சாகும். தண்டின் பட்டையை உரித்தால் கரும்பழுப்புக் கீற்றுகள் தென்படும். மண்ணிலிருந்து வேர்வழியே ஏறி, நீர் செல்லும் குழல்களை அடைக்கும் பியூசேரியம் என்னும் பூசணத்தின் வேலை இது. இந்நோயை ஆராய்ந்து 1910-இல் நூல் வெளியிட்டவர் பூசாவின் பூசண இயல் அறிஞர் பட்லர். நோய்க் காரணம் தெரிந்தது, மருந்துதான் அகப்படவில்லை. வயல் மண் முழுவதையும் மருந்தில் நனைக்க எந்த உழவரால் இயலும்? விதைக்குப் பூசிய பாதரசக் கலவைகளோ நஞ்சானவை. பிற்காலத்தில் நம் நாட்டில் அவை தடை செய்யப்பட்டன.

வழி மண்ணிலேயே இருந்தது. டிரைக்கோடெர்மா என்னும் பச்சைநிறப் பூசணத்துக்கு 1794-இலேயே பெயர் சூட்டியிருந்தனர். ஆனால் அதன் போர்க்குணத்தை 1932-இல்தான் கலிபோர்னியாவில் வைண்ட்லிங் என்பவர் எடுத்துக்காட்டினார். அது பகைப் பூசணத்தின் இழையைக் கொடிபோல் சுற்றி வளைக்கிறது. நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைக்கிறது. உட்சத்தை உறிஞ்சிக் கொல்கிறது. கள்ளனைப் பிடிக்கக் கள்ளனையே ஏவும் கதைதான்.

தமிழ்நாட்டின் பங்கும் சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் பருத்தி வாடல் நோயையும் மண்வாழ் பூசணங்களையும் ஆராயும் மாணவர் மரபொன்றை உருவாக்கினார். பின்னர்க் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் டிரைக்கோடெர்மாவை மாக்கல் தூளில் கலந்து, கிலோ விதைக்கு 4 கிராம் என உழவர் கைக்கு எட்டச் செய்தது. தில்லிப் பூசாவிலுள்ள பூசண வளர்ப்புத் தொகுப்பில் நோய் தருவனவும் நோய் தடுப்பனவும் இன்றும் உயிரோடு பேணப்படுகின்றன.

ஒன்றை மறக்கலாகாது. இது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தாலும், இரசாயனப் பூசணக்கொல்லியோடு கலந்தாலும் மடிந்துவிடும். காலங்கடந்த பொட்டலத்தில் எஞ்சுவது பெரும்பாலும் வெறும் மாக்கல் தூளே. வாடிவிட்ட செடியை இது பிழைப்பிக்காது. ஊரிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதும்போது, விதைக்கும் முன்பே இதைப் பூச வேண்டும் என்று எழுதுவோம்.